வெள்ளையணு எண்ணிக்கை நார்மல்தானே, பிறகென்ன?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் தேடுவது மொத்த வெள்ளையணு எண்ணிக்கையைத்தான். அது 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில் நின்றுவிட்டால் ‘எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது’ என்று ஒரு நிம்மதி. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நிம்மதி பாதிதான் உண்மை. எண்ணிக்கை நார்மலாக இருந்தும் நிமோனியாவில் படுப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை பல மடங்கு ஏறியும் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. எந்த மருந்து உடலின் காவலில் எந்த இடத்தைத் தளர்த்துகிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பிடிபடும்.

காவல் மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். நியூட்ரோஃபில்கள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கண்ட இடத்தில் விழுங்குபவை. இவை மிகவும் குறைந்தால் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். பி செல்களும் அவற்றிலிருந்து முதிரும் பிளாஸ்மா செல்களும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிப்பவை. இந்தப் புரதம் குறைந்தவர்களுக்கு சைனஸ், காது, நுரையீரல் என்று தொற்று மாறி மாறி வரும். நியூமோகாக்கஸ் போல உறை போர்த்திய பாக்டீரியாக்கள்தான் முக்கிய எதிரி. டி செல்களின் வேலை வைரஸ்களையும், உடலுக்குள் ஏற்கெனவே தூங்கிக் கிடக்கும் கிருமிகளையும் அடக்கி வைப்பது. இவை தளர்ந்தால் அக்கி கிளம்பும், ஹெபடைடிஸ் பி விழித்துக்கொள்ளும், பழைய காசநோய் தலைதூக்கும், நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் இறங்கும். வழக்கமான ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே உருப்படியாகக் காட்டும்.

அந்த முதலாவதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். பேண்ட் செல்கள் என்ற இளம் நியூட்ரோஃபில்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் சதவீதத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 2,800, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்றால் 980. சில ஆய்வகங்கள் இதையே 0.98 என்று அச்சிடும். அலகுதான் வேறு, பதற வேண்டாம். 1,500-க்கு மேல் கவலையில்லை, 1,000-க்குக் கீழே கவனம், 500-க்குக் கீழே ஆபத்து. இதில் ஒரு கண்கட்டு உண்டு. பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை ஓட்டத்துக்குத் தள்ளிவிடும். எண்ணிக்கை அழகாக ஏறும், ஆனால் காவல் பலப்பட்டிருக்காது. ஸ்டீராய்டு நாட்களில் எடுத்த எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

இனி மருந்துகளுக்கு வருவோம். சி.எம்.எல். என்ற நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவுக்கு 2001-இல் இமாடினிப் அனுமதி பெற்றதிலிருந்துதான் ‘வாழ்நாள் முழுக்க மாத்திரை’ என்ற பேச்சே வந்தது. வழக்கமான அளவு தினம் 400 மி.கி. பி.சி.ஆர்-ஏபிஎல் என்ற பிறழ்ந்த நொதியை அடைப்பதுதான் இதன் வேலை. ஆனால் இந்தச் சாவி வேறு சில பூட்டுகளிலும் நுழையும். இமாடினிப் ‘கிட்’ என்ற நொதியையும் தடுக்கும். நல்ல ரத்த மூல செல்கள் வளர அது தேவை. டசாடினிப் இன்னும் பரந்த கை. டி செல்கள் செயல்படத் தேவையான ‘எல்.சி.கே.’, பி செல்களுக்குத் தேவையான ‘பி.டி.கே.’ வரை எட்டும். 2021-இல் வந்த அசிமினிப் வேறொரு இடத்தில் போய் ஒட்டுவதால் இந்த மாதிரி பக்கவாட்டுத் தடுப்பு குறைவு.

சிகிச்சையின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நியூட்ரோஃபில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தின் நஞ்சு அல்ல. எலும்பு மஜ்ஜையை ஆக்கிரமித்திருந்த நோய் செல்கள் வேகமாகச் சாகின்றன. ஓரமாக ஒடுங்கிக் கிடந்த நல்ல செல்கள் அந்த இடத்தை நிரப்ப நேரமாகிறது. நாட்பட்ட கட்டத்தில் இமாடினிப் எடுப்பவருக்கு நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே அல்லது தட்டணு 50,000-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். நியூட்ரோஃபில் 1,500-ஐயும் தட்டணு 75,000-ஐயும் தொட்டதும் பழைய அளவிலேயே தொடங்குவார்கள். மறுபடி விழுந்தால் 300 மி.கி. இந்தக் கட்டத்தில் நோயாளி செய்யும் தவறு ஒன்று உண்டு: எண்ணிக்கை குறைந்த பயத்தில் மருத்துவரைக் கேட்காமல் தானாகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாத்திரையைக் குறைத்துக்கொள்வது. அரைகுறை அளவு நோயை அடக்காது, எதிர்ப்புத்திறன் பெற்ற செல்களுக்கு இடம்கொடுக்கும்.

அந்த முதல் சில மாதங்கள் தாண்டிவிட்டால் சி.எம்.எல். நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தொற்று பெரிய தொல்லை தருவதில்லை. சிலருக்கு இம்யூனோகுளோபுலினில் முக்கிய வகையான ஐஜிஜி அளவு கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். தடுப்பூசிக்கும் இவர்கள் உடல் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே பதில் தருகிறது. தடுப்பு ஆன்டிபயாடிக் எல்லாம் வழக்கமாகத் தேவையில்லை. என் கணிப்பு இது: சி.எம்.எல். நோயாளிகள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், சி.எல்.எல். என்ற நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா நோயாளிகள் தேவையான அளவுக்குக்கூடப் பயப்படுவதில்லை.

டசாடினிப் எடுப்பவர்களுக்கு மட்டும் இரண்டு குறிப்பு. சிலருக்கு லிம்ஃபோசைட் (பி, டி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை உயரும். குருணைகள் கொண்ட பெரிய டி செல்களும் என்.கே. (இயற்கைக் கொல்லி) செல்களும் பெருகுவதுதான் காரணம். நோய் திரும்பிவிட்டது என்று பொருளல்ல. இரண்டாவது, நுரையீரல் உறையில் நீர் கோப்பது. வறட்டு இருமல், மூச்சு வாங்கல் என்றுதான் ஆரம்பிக்கும். சளித்தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் போட்டு வாரங்கள் கழிந்துவிடும். டசாடினிப் எடுப்பவருக்குப் புது இருமல் வந்தால் முதலில் மார்பு எக்ஸ்ரே. மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தினாலே பலருக்கு நீர் வற்றிவிடும்.

சி.எல்.எல். கதை வேறு. இங்கே மருந்து தொடங்குவதற்கு முன்பே நோய் காவலைத் தின்றுவிட்டிருக்கும். பெருகிக் கிடப்பவை பி செல்கள்தான் என்றாலும் அவை வேலைக்கு உதவாத பி செல்கள்; நல்ல எதிர்ப்புப் புரதம் வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். எண்ணிக்கை ஐம்பதாயிரம், காவல் பூஜ்யத்துக்குப் பக்கம் என்ற விசித்திரம் இந்த நோயில் சகஜம். அதற்கு மேல் மருந்து வந்து சேர்கிறது.

இப்ரூடினிப், அகாலாப்ரூடினிப், சானுப்ரூடினிப் மூன்றும் பி.டி.கே. நொதியை அடைப்பவை. 1952-இல் புரூட்டன் என்ற மருத்துவர், ரத்தத்தில் காமாகுளோபுலினே இல்லாமல் அடிக்கடி தொற்றுக்கு ஆளான ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அந்தப் பிறவிக் குறைபாட்டின் மரபணுதான் பின்னாளில் புரூட்டன் டைரோசின் கைனேஸ், அதாவது பி.டி.கே. என்று பெயர் பெற்றது. அதே இடத்தைத்தான் மருந்து அடைக்கிறது. ஆனால் வளர்ந்த மனிதரின் மஜ்ஜையில் பழைய பிளாஸ்மா செல்கள் குடியிருப்பதால் ஐஜிஜி உடனே தரைமட்டம் ஆகாது. இப்ரூடினிப் எடுப்பவர்களில் ஐஜிஏ என்ற இன்னொரு இம்யூனோகுளோபுலின் வகையின் அளவு மெல்ல ஏறுவதும் பார்க்கப்பட்டிருக்கிறது. அடிபடுவது புதிதாகக் கற்றுக்கொள்ளும் திறன்: புதுத் தடுப்பூசி, புதுக் கிருமி. கோவிட் தடுப்பூசிக்கு இவர்களில் பலருக்கு எதிர்ப்புப் புரதம் சரியாக உருவாகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஞ்சையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கும் பி.டி.கே. தேவை. அதனால்தான் இப்ரூடினிப்போடு ஆஸ்பர்ஜில்லஸ் தொற்று பேசப்படுகிறது. சிலருக்கு அது மூளை வரை போகிறது. பெரும்பாலும் சிகிச்சையின் முதல் சில மாதங்களில், ஸ்டீராய்டும் சேர்ந்து ஓடும் ஆட்களில். நியூட்ரோஃபில் எண்ணிக்கை அப்போது நார்மலாகவே இருக்கலாம். இப்ரூடினிப்பும் ஸ்டீராய்டும் சேர்ந்து எடுப்பவருக்குத் தொடர் தலைவலி, குழப்பம், கை கால் பலவீனம் என்றால் ‘ஓய்வெடுத்தால் சரியாகும்’ என்று விடக்கூடாது.

இந்த மருந்துகளைத் தொடங்கியதும் வெள்ளையணு எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. நிணநீர் முடிச்சுகளில் ஒட்டிக்கொண்டிருந்த நோய் செல்களை மருந்து பிடுங்கி ரத்தத்தில் விடுகிறது. முடிச்சு சுருங்கும், எண்ணிக்கை ஏறும், மாதங்கள் கழித்துத் தானாக இறங்கும். தொற்றும் அல்ல, மருந்து தோற்றதும் அல்ல.

வெனிடோக்ளாக்ஸ் தாக்குவது நேராக நியூட்ரோஃபிலை. 20, 50, 100, 200, 400 மி.கி. என்று வாரத்துக்கு ஒரு படி ஏற்றுவது செல்கள் மொத்தமாக உடைந்து சிறுநீரகத்தைத் தாக்காமல் இருக்க. நியூட்ரோஃபில் பிரச்சினை அதே நாட்களிலும் பிறகும் வரும். நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, மருந்துக்கு இடைவெளி, அளவுக் குறைப்பு என்று சமாளிப்பார்கள். இதோடு ரிடுக்ஸிமாப் அல்லது ஒபினுடுஸுமாப் சேர்ந்தால் பி செல்கள் மாதக்கணக்கில் துடைத்தெடுக்கப்படும். ஐடெலாலிசிப் தனி ரகம். நியூமோசிஸ்டிஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஒரு பக்கம். கட்டவிழ்ந்த எதிர்ப்பு செல்கள் சொந்தக் குடலையும் கல்லீரலையும் தாக்குவது மறுபக்கம். எதிர்ப்பாற்றல் குறைவது மட்டும்தான் சிக்கல் என்று நினைப்பவர்களுக்கு நல்ல மறுப்பு இந்த மருந்து. நாட்கணக்கில் வயிற்றுப்போக்கு என்றால் அதைத் தொற்று என்று மட்டும் பார்க்கக்கூடாது.

ஐஜிஜி அளவைப் பார்க்காமல் சி.எல்.எல். சிகிச்சை பேசுவது அரைகுறை. 400 மி.கி./டெ.லி.-க்குக் கீழே அளவு, கூடவே திரும்பத் திரும்பக் கடுமையான பாக்டீரியா தொற்று என்றால் வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதை யோசிப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 400 மி.கி. வீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக. அல்லது சிறு அளவில் வாராவாரம் தோலுக்கடியில். அளவு மட்டும் குறைவு, தொற்றே இல்லை என்றால் பலருக்கு இது தேவைப்படாது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் அளவு போதுமா என்று தெரியும். ஏற்றிய மறுநாள் பார்த்தால் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். முதல் சில முறை தலைவலியும் குளிரும் வரும். ஏற்றும் வேகத்தைக் குறைத்து, முன்னதாகத் தண்ணீர் நிறையக் குடித்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஏ.எல்.எல். என்ற தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில், நோய் அடங்கிய பின் அது திரும்பாமல் இருக்க மருந்து தரும் பராமரிப்புக் கட்டம் முற்றிலும் தலைகீழ். இரண்டு வருடம் போல நீளும் இந்தக் கட்டத்தில் நியூட்ரோஃபில் குறைவது பக்கவிளைவு அல்ல, இலக்கு. தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். பல சிகிச்சைத் திட்டங்களில் நியூட்ரோஃபில் 500-க்கும் 1,500-க்கும் நடுவில் நிற்கும்படி அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். எண்ணிக்கை 4,000 என்று ‘நன்றாக’ இருந்தால் மருத்துவர் முகம் சுருங்கும். மருந்து போதவில்லை, அல்லது வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். மாறாக, சாதாரண அளவிலேயே எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனால் டி.பி.எம்.டி., நட்15 என்ற இரு மரபணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றில் குறை உள்ளவர்களுக்கு மெர்காப்டோப்யூரின் உடைந்து வெளியேறாமல் சேரும். சிலருக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். யூரிக் அமிலத்துக்கு அலோப்யூரினால் எழுதப்பட்டாலும் இதே ஆபத்து.

இங்கே நடக்கும் மிக மோசமான தவறு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒருமுறைக்குப் பதில் தினமும் கொடுத்துவிடுவது. மாத்திரைகள் சிறியவை, மஞ்சள் நிறத்தில் மற்றவை போலவே இருப்பவை, சீட்டில் எழுதியதைத் தவறாகப் படித்துவிடலாம். சில நாட்களில் வாய் முழுக்கப் புண், எண்ணிக்கை சரிவு, உயிருக்கே ஆபத்து. கிழமையின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு நாள் மாத்திரையை மட்டும் தனி டப்பாவில் வைத்து, மிச்சத்தைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

கோட்ரைமாக்ஸசோல் என்ற தடுப்பு மாத்திரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுப்பார்கள். ‘இரண்டு நாள்தானே’ என்று முதலில் கைவிடப்படுவது இதுதான். நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஒவ்வாமை இருந்தால் டாப்சோன், அடோவாகுவோன், பென்டாமிடின் என்று மாற்று உண்டு. டாப்சோனுக்கு முன் ஜி6பிடி என்ற சிவப்பணு நொதியின் பரிசோதனை கட்டாயம், இல்லாவிட்டால் சிவப்பணு உடையும்.

காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான். ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் 38.0-இல் நின்றால் காய்ச்சல் என்று கணக்கு; ஃபாரன்ஹீட்டில் 101, 100.4. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே உள்ளவருக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் போக வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள். காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. ஆசனவாய் வழி தெர்மாமீட்டர், எனிமா இரண்டும் கூடாது, சின்னக் கீறல் வழியாகவே பாக்டீரியா ரத்தத்தில் இறங்கும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். அவருக்கு நடுக்கம், தலைசுற்றல், திடீர்ச் சோர்வு, வேகமான மூச்சு இவைதான் அறிகுறி. சீழ் பிடிக்கவும் நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாதவருக்குப் புண் சிவக்காமல், வீங்காமல், வலி மட்டும் தரும். சீழ் இல்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பர்ஸில் ஒரு சிறு அட்டை வைத்திருங்கள்: நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கடைசி டோஸ் தேதி, கடைசி நியூட்ரோஃபில் எண், ஒவ்வாமைகள். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் உங்கள் கோப்பைப் படித்திருக்க மாட்டார். ‘காலையில் போய்க்கொள்ளலாம்’ என்ற முடிவுதான் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை.

தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தே லுக்கீமியா மருந்தோடு மோதுவதும் உண்டு. இமாடினிப், டசாடினிப், நிலோடினிப், இப்ரூடினிப், வெனிடோக்ளாக்ஸ் எல்லாம் கல்லீரலில் ஒரே நொதியால் உடைபவை. வோரிகோனசோல், பொசகோனசோல், கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கும்; மருந்து உடலில் தேங்கும். பொசகோனசோல் தேவைப்பட்டால் வெனிடோக்ளாக்ஸ் 400-இலிருந்து 70 மி.கி. ஆகிவிடும், அளவை ஏற்றும் வாரங்களில் சேர்க்கவே கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர். மருந்தை வேகமாக உடைத்துத் தள்ளி, லுக்கீமியா அடங்காமல் போகச் செய்யும். நிலோடினிப் இதயத்தின் மின் ஓட்டத்தை நீட்டக்கூடியது. லெவோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின் போன்றவை அதைக் கூட்டும், ஈ.சி.ஜி. பார்க்காமல் சேர்க்கக்கூடாது. கிரேப்ஃப்ரூட் பழமும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் இதே பட்டியலில் வரும். ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று விற்கும் பொடிகளைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: குறைந்திருப்பது ஐஜிஜியா, நியூட்ரோஃபிலா, டி செல்லா என்றே கேட்காத பொருள் எதை நிரப்பும்?

தடுப்பூசியில் ஒரே விதி: உயிருள்ள கிருமி கொண்டவை வேண்டாம். தட்டம்மை-புட்டாளம்மை-ரூபெல்லா, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பி.சி.ஜி., வாய்வழி போலியோ, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ எல்லாம் இதில் அடக்கம். ஊசி வழி ஃப்ளூ ஆண்டுதோறும் போடலாம். நியூமோகாக்கஸுக்கு 20 வகை கொண்ட ஒரே டோஸ், அல்லது 15 வகை ஊசி போட்டு எட்டு வாரம் கழித்து 23 வகை ஊசி. அக்கிக்கு உயிரற்ற மறுசேர்க்கை ஊசி இரண்டு டோஸ். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இடைவெளியை ஒன்றிரண்டு மாதமாகச் சுருக்கலாம். முடிந்தால் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். ரிடுக்ஸிமாப் முடிந்து ஆறு மாதத்துக்குள் போட்டால் ஊசி வீண்போக வாய்ப்பு அதிகம், அதைப் பிடித்துக்கொள்ள பி செல்லே இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் தங்கள் ஊசிகளைத் தாராளமாகப் போடலாம், வாய்வழி போலியோ தவிர. குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தால் சில வாரங்களுக்கு அதன் டயப்பரை நோயாளி மாற்றக்கூடாது.

அக்கி வந்தேவிட்டால், ஒரு பக்கமாகப் பட்டை போலக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. கட்டடம் இடிக்கும் தூசி, மக்கிய உரம், ஈரம் பிடித்த சுவர் இவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் மண்டிக் கிடக்கும். நியூட்ரோஃபில் குறைவாக இருக்கும் காலத்தில் தோட்டவேலை வேண்டாம். சாப்பாட்டில் பச்சை இறைச்சி, வேகாத முட்டை, காய்ச்சாத பால் மூன்றையும் தவிர்த்தால் போதும். பழம், காய்கறி எல்லாவற்றையும் விலக்கும் கடும் பத்தியத்தால் தொற்று குறைகிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

கடைசியாக ஹெபடைடிஸ் பி. 2013-இல் ரிடுக்ஸிமாபுக்கும், 2016-இல் இமாடினிப் வகை மருந்துகளுக்கும் இது குறித்த எச்சரிக்கை வந்தது. மருந்து தொடங்குமுன் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்), கோர் ஆன்டிபாடி (வைரஸ் உடலுக்குள் வந்ததன் தடயம்) இரண்டையும் பார்க்க வேண்டும். ஆன்டிஜென் இல்லை என்பது மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடி இருந்தால் வைரஸ் கல்லீரலில் ஒளிந்திருக்கலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு இந்தச் சோதனை செய்தால், ரத்ததானம் செய்தவர்களின் ஆன்டிபாடியே உங்களுடையது போலத் தெரியும்; அதனால் ஏற்றுமுன் ரத்தம் எடுத்துவிட வேண்டும். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்குவார்கள். ரிடுக்ஸிமாப் முடிந்த அன்றே இதையும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். வைரஸ் பெரும்பாலும் விழிப்பது அதற்குப் பிறகுதான்: பி செல்கள் திரும்பிவரும் மாதங்களில். ரிடுக்ஸிமாப் முடிந்த பின் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும், நிறுத்திய பின்னும் ஒரு வருடத்துக்குக் கல்லீரல் நொதிகளையும் வைரஸ் டி.என்.ஏ. அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.